வாய் மூன்று விரல் திறக்கிறதா?



மூட்டு என்று சொன்னால் முழங்கால், இடுப்பு, தோள்பட்டைதான் நமக்கு ஞாபகம் வரும். சாப்பிட, பேச, கொட்டாவி விட என்று நாள் முழுக்க உழைக்கிற மூட்டு ஒன்று நம்ம முகத்திலேயே இருக்கிறது. அதுதான் தாடை மூட்டு. இந்த மாத உடல்நலப் பாடத்தில் அதைப் படிப்போம், தொட்டும் பார்ப்போம்.

1. மூட்டு எங்கே இருக்கிறது?

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள. விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு நகருதா? அதுதான் கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை. வலது பக்கம் ஒரு மூட்டு, இடது பக்கம் ஒரு மூட்டு. ஒரே எலும்பின் இரண்டு முனை என்பதால், ஒன்று கெட்டால் மற்றதும் சிரமப்படும்.

எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க நடுவில் மெத்தை மாதிரி ஒரு தட்டு உண்டு. வாயைக் கொஞ்சமாகத் திறந்தால் தாடை கதவுக் கீல் போலச் சுழலும். பெரிதாகத் திறந்தால் முன்பக்கம் வழுக்கி நகரும். இந்த மெத்தை இடம் விலகினால் 'டக், டக்' என்று சத்தம் வரும். வலி இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம்.

2. மெல்லும் தசைகள்

ஒவ்வொரு பக்கமும் முக்கியமாக நான்கு தசைகள்.

* கன்னத் தசை: பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைத் தொடுங்கள். கெட்டியாகப் புடைக்கும்.
* நெற்றிப்பொட்டுத் தசை: விசிறி போல விரிந்திருக்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குக் காலையில் பொட்டு வலிப்பது இதனால்தான்.
* உள் தசைகள் இரண்டு: தாடைக்கு உட்புறம் இருக்கும். ஒன்று வாயை மூட உதவும். மற்றது தாடையை முன்னால் இழுத்து, வாயைத் திறக்க உதவும்.

3. மூன்று விரல் சோதனை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் வையுங்கள். உங்கள் சொந்த விரல்தான் அளவு. மூன்றும் நுழைந்தால் நல்லது. இரண்டுதான் போகுது என்றால் காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

4. வாய் ஏன் திறக்காமல் போகிறது?

பாக்குப் பழக்கம்: இதுதான் நாம் மிகவும் கவனிக்க வேண்டியது. பாக்கு, சீவல், பாக்குத் தூள் எதுவானாலும் நாள் முழுக்க வாயில் அடக்கினால், கன்னத்தின் உள்தோல் நார் நாராக இறுகும். மூட்டும் தசையும் நன்றாக இருந்தாலும், இறுகிய கன்னம் வாயைத் திறக்க விடாது. முதலில் "காரம் பட்டாலே எரியுது" என்பார்கள். பிறகு உள்கன்னம் வெளுக்கும். வாய் மூன்று விரலிலிருந்து இரண்டு, ஒன்று என்று சுருங்கும். இது புற்றுநோயாகவும் மாறலாம். "புகையிலை போடலை, வெறும் பாக்குதானே" என்று நினைக்காதீர்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. இறுகிய தோல் பழையபடி ஆவது கடினம். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம்.

கடைவாய்ப் பல்லில் சீழ்: வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே பல் மருத்துவரிடம் போங்கள்.

தசை வலி: சொத்தைப் பல்லுக்குப் பயந்து ஒரே பக்கம் மெல்லுவது, பல்லைக் கடிப்பது ஆகியவற்றால் வரும். சில நாள் மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம் போதும். குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

ரண ஜன்னி: அரிவாள், முள், ஆணி குத்திய சில நாளில் தாடை இறுகினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். காயம் பட்டதுமே தடுப்பூசி பற்றிக் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

5. கொட்டாவி விட்டு வாய் மூடவில்லை என்றால்

தாடை எலும்பு குழியை விட்டு முன்னால் நழுவியிருக்கும். கன்னத்தில் அறைவது, நாமே இழுப்பது கூடாது. தாடையைத் துணியால் தாங்கிப் பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மருத்துவர் கையாலேயே திரும்பப் பொருத்திவிடுவார்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

* எல்லோரும் மூன்று விரல் சோதனை செய்யுங்கள். வீட்டில் மாமியார், கணவர், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.
* இரண்டு விரல் மட்டும் நுழைகிறவர்களைக் கேலி செய்ய வேண்டாம். துணைக்கு ஒருவர் சேர்ந்து அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போய் வாருங்கள்.
* விசேஷத்தில் தாம்பூலம் வைப்பது மரியாதை. அதை நாள் முழுக்க வாயில் அடக்குவது தேவையா? கலந்து பேசுங்கள்.

வலி வந்த பிறகுதான் மருத்துவமனை என்று இருக்காதீர்கள், சகோதரிகளே. பாக்கினால் வாய் சுருங்கும்போது ஆரம்பத்தில் பெரிய வலி இருக்காது. விரல்தான் முதலில் காட்டிக் கொடுக்கும்.