எடை பார்க்காத பீக்கர்

கார்பன் நானோ குழாய்மேல் அமீன் ஏற்றி எபாக்சியில் கலந்தால் ரெசின் முன்னதாகவே இறுகத் தொடங்கும். இதை நம்பித்தான் முனைவர் பட்டத்துக்கே பதிவு செய்தேன். எட்டு மாதம் வந்ததெல்லாம் நேர்மாறான முடிவு. வெப்பப் பாய்வை அளக்கும் டி.எஸ்.சி. வரைபடத்தில் இறுகும் உச்சம் தள்ளிப்போனது. கண்ணாடி நிலை மாறும் வெப்பநிலை, குழாயே சேர்க்காத ரெசினைவிடக் கீழே இறங்கியது. "உன் குழாயில அமீன் ஒட்டவே இல்லம்மா" என்றார் கைடு. அதை நம்பி மூன்று முறை குழாயைப் புதிதாகத் தயாரித்தேன்.

தயாரிப்பு எல்லோரும் செய்வதுதான். கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் 3:1 கலவையில் குழாயைச் சூடாக்கிக் கார்பாக்சில் தொகுதிகளை உண்டாக்கி, அமிலம் போகும்வரை கழுவி, டெட்டா என்ற அமீனை இணைப்பது. அதில் தவறு இல்லை. தவறு அசிட்டோனில்.

குழாய்களைப் பிரிக்க அசிட்டோனில் போட்டு சோனிகேட்டரில் வைத்து, பிறகு ரெசினில் ஊற்றுவோம். "அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிச்சுடும், ஒரு மணி நேரம் ஓவன்ல வெச்சா போதும்" என்று சீனியர் சொன்னதை அப்படியே செய்தேன். தனி அசிட்டோனுக்கு அது சரி. கெட்டியான ரெசினுக்குள் சிக்கிய அசிட்டோன் அவ்வளவு எளிதில் வெளியே வராது. ஒருநாள் பீக்கரை எடை போட்டேன். 100 கிராம் ரெசினுக்கு 4 கிராம் கூடுதலாக இருந்தது! அந்த அசிட்டோன் ரெசினை நீர்க்கச் செய்தது, இறுகிய பிறகும் உள்ளே நின்று இளக்கியது, ஹார்டனரின் அமீனோடும் வினைபுரியக்கூடியது. நான் ஒப்பிட்ட வெறும் ரெசினோ டின்னிலிருந்து நேராக எடுத்தது; அசிட்டோனையே பார்த்ததில்லை.

அதனால் சொல்கிறேன். காலி பீக்கர், ரெசின், குழாய் மூன்றையும் தனித்தனியே எடை போட்டு எழுதிவையுங்கள். அசிட்டோனை வெற்றிட ஓவனில், கூட்டுத்தொகைக்கு எடை இறங்கி, அதற்குமேல் குறையாமல் நிற்கும்வரை விரட்டுங்கள். ஹார்டனரை அதன்பிறகே சேருங்கள். வெறும் ரெசினையும் அதே அசிட்டோன், அதே சோனிகேட்டர், அதே ஓவன் வழியே கொண்டுபோய் ஒப்பிடுங்கள். இரண்டு சதவீதம் குழாய் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கலவை களிபோலாகிக் காற்றுக் குமிழ் வெளியேறாமல் நிற்கும். நான் அரை சதவீதத்தை விடவில்லை. அதற்காகத் திட்டும் வாங்கினேன்.

அசிட்டோன் முழுதும் போனபின், அதே குழாய், அதே அரை சதவீதம். உச்சம் முன்னால் வந்தது, கண்ணாடி நிலை வெப்பநிலையும் ஏறியது. என் வேதியியல் முதல் நாளே சரியாகத்தான் இருந்தது. முடிவு தவறாக வந்தால் குழாயைக் குறை சொல்லும் முன் பீக்கரைத் தராசில் வையுங்கள்.