செவிப்புலன் இழந்தோரும் இசை நுகர்ச்சியும்

இசை செவிக்கு விருந்து என்பது உலக வழக்கு. அவ்வழக்கினையே பற்றி, செவிப்புலன் இல்லாதார்க்கு இசையும் இல்லை எனத் துணிவார் பலர். அத்துணிபு பொருந்துமோ என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாம். இது பொழுதுபோக்கிற்கென எழுந்த வினா அன்று. ‘இவர்க்கு இசை வேண்டா’ எனப் பிறர் முடிவு செய்துவிடின், அவர்க்கு அதனைக் கற்பிப்பாரும் இலராவர். அரங்கில் இடம் அளிப்பாரும் இலராவர்.

தொல்காப்பியர் மரபியலுள் உயிர்களை அறிவின் அளவால் அறுவகைப்படுத்தினார். அம்முறையில் மெய்யால் உற்றறிதல் முதலாவது, நாவும் மூக்கும் கண்ணும் அதனை அடுத்து நிற்பன, செவியறிவு ஐந்தாவது, மனவறிவு ஆறாவது. இசையைக் கருதி அவர் இம்முறை வகுத்தாரல்லர். எனினும் யாம் மேற்கொண்ட ஆராய்ச்சிக்கு அது நல்லதொரு வழிகாட்டியாகும். ஐந்தாம் வாயில் அடைபட்டவிடத்து, மெய், கண், மனம் என்னும் மூன்று வாயில்களால் இசை உட்புகுமாற்றை முறையே காண்பாம்.

மெய்

ஓசையாவது அதிர்வே. யாழின் நரம்பும் முழவின் தோலும் அதிரக் காற்று அதிர்கின்றது. அவ்வதிர்வு செவிப்பறையைத் தாக்கும்போது அதனை ஓசை என்கின்றோம். அதே அதிர்வு தரையிலும் பலகையிலும் நம் உடம்பிலும் பரவுகின்றது. அருகில் பெருமுரசு முழங்குங்கால் நெஞ்சு அதிர்தலை உணராதார் யாவர்? குறையற்ற இளஞ்செவி நொடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளை அறியும். தோலோ ஏறத்தாழ 1,000 வரையே அறியவல்லது. 250 அளவினவாகிய அதிர்வுகளையே அது மிக நுட்பமாக உணர்கின்றது. வெங்காயம்போல மடல் மடலாக அமைந்து தோலின்கீழ் உறையும் நுண்ணுறுப்புக்கள் இத்தொழிலைச் செய்கின்றன. ஆகவே தாளமும் தாழ்ந்த சுரங்களும் மெய்க்கு எளிதில் எட்டும். குழலின் உச்ச சுரங்கள் எட்டா.

இவ்வாயிலின் ஆற்றலை விளக்கிக் காட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டில் 1965-இல் பிறந்த எவலின் கிளென்னி அம்மையார். எட்டாம் அகவையில் குறையத் தொடங்கிய இவரது செவிப்புலன் பன்னிரண்டாம் அகவைக்குள் பெரிதும் ஒழிந்தது. இவருடைய ஆசிரியர் முரசினை வெவ்வேறு சுரங்களில் முழக்க, இவர் சுவரில் கைகளை வைத்து, ஒவ்வொரு சுரமும் உடம்பின் எவ்விடத்தில் அதிர்கின்றது எனப் பயின்றறிந்தார். தாழ்ந்த சுரங்களைக் கால்களிலும் பாதங்களிலும், உயர்ந்தவற்றை முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் உணர்வதாகக் கூறுவார். காலணியின்றி மேடையேறுதல் இவர் வழக்கம். லண்டனிலுள்ள ராயல் அகாடமி இசைக்கல்லூரியில் இவர் சேர விரும்பியபோது, செவிப்புலன் அற்றவர்க்கு இத்துறையில் எதிர்காலம் உண்டோ என ஐயுற்று முதலில் இடம் மறுத்தனர். இவர் அஞ்சாது வழக்காடி, மீண்டும் வாசித்துக் காட்டி இடம் பெற்றார். பின்னர் இவர் பங்குகொண்ட இசைத்தட்டு 1989-இல் கிராமி பரிசு பெற்றது. அன்று அவர் வாளா திரும்பியிருப்பின் உலகம் இழந்திருக்கும் இசை எத்துணை!

அற்றேல், அதிர்வை உணர்தல் இசையை உணர்தல் ஆகுமோ எனின், ஆகும் என்பதற்கு மூளையே சான்று பகர்கின்றது. 2001-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர் டீன் ஷிபாட்டா, செவிப்புலன் அற்றோர் சிலர் கையில் அதிர்வை ஊட்டி, அவர் மூளையின் செயலைக் காந்தப் படக்கருவியால் ஆராய்ந்தார். பிறர்க்கு ஓசையை அறிதற்கு உரிய மூளைப்பகுதி, இவர்க்கு அவ்வதிர்வால் எழுச்சியுற்றது. ஓசை வாராமையால் அவ்விடம் பாழாய்க் கிடக்கவில்லை. மெய் கொணரும் செய்தியை ஏற்றுக்கொண்டது என்க.

கண்

இனி, கைம்மொழி பேசுவோர் பாடலைக் கையால் பாடுவர். அது சொல்லுக்குச் சொல் சைகை காட்டுதல் அன்று. கையின் விரைவு தாளமாகின்றது. அசைவின் விரிவும் ஒடுக்கமும் ஓசையின் ஏற்றத்தாழ்வுகளாகின்றன. முகம் மெய்ப்பாட்டைத் தெரிவிக்கின்றது. அமெரிக்காவில் 2020-இல் நிகழ்ந்த பெரும் காற்பந்து இறுதியாட்டத்தின் தொடக்கத்தில், செவிப்புலன் அற்ற கலைஞர் கிறிஸ்டின் சன் கிம் அந்நாட்டுப் பண்ணைக் கைம்மொழியில் பாடினார். ஆயினும் தொலைக்காட்சியார் சில நொடிகள் மட்டும் அவரைக் காட்டிப் படக்கருவியை வேறுபக்கம் திருப்பிவிட்டனர். கண்ணால் கேட்போர்க்கு அது பாடகரின் வாயைப் பொத்தியதற்கு ஒப்பாகும்.

மனம்

செவி ஒழிந்த பின்னும் இசை மனத்தில் வாழும் என்பதற்குப் பேத்தோவனே பெருஞ்சான்று. ஜெர்மனியில் 1770-இல் பிறந்த இப்பெருங்கலைஞர், முப்பது அகவை எய்துமுன்னரே செவிநோய் உற்றார். 1802-இல் தம் உடன்பிறந்தார்க்கென எழுதிய மடலில் அத்துயரத்தைக் கொட்டியுள்ளார். பிற்காலத்தில் பிறர் சொல்லுவதை ஏட்டில் எழுதிக்காட்டவே அறிந்தார். அந்நிலையில் அவர் ஆக்கிய ஒன்பதாம் சிம்பனி, 1824 மே 7-ஆம் நாள் வியன்னா நகரில் அரங்கேறிற்று. அவையோரின் ஆரவாரம் அவர் செவிக்கு எட்டவில்லை. பாடகியார் ஒருவர் அவரை அவையை நோக்கித் திருப்பியபின்னரே அதனைக் கண்ணாற் கண்டார்.

நூறு ஆண்டுகள் கழிந்தன. குழந்தைப் பருவத்திலேயே கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார், 1924-இல் தம் இல்லத்து வானொலிப் பெட்டியின் அதிரும் தகட்டில் விரல்களை மெல்ல வைத்தார். நியூயார்க்கில் அவ்வொன்பதாம் சிம்பனியை இசைத்துக்கொண்டிருந்தனர். முரசின் முழக்கையும் நரம்புக்கருவிகளின் இழைவையும் பலர் கூடிப் பாடும் குரல்களின் எழுச்சியையும் தாம் வேறுவேறாக உணர்ந்ததாக அவ்விசைக்குழுவினர்க்கு மடல் வரைந்தார். செவியாற் கேளாது ஒருவர் ஆக்கியதனைச் செவியாற் கேளாது மற்றொருவர் விரலால் நுகர்ந்தார். அவ்விருவர்க்கும் இடையே நின்றது இசையன்றிப் பிறிதென்னை?

இவ்வாறு கூறுதலால், யாவரும் ஒருபடித்தாகவே நுகர்வர் என்று கொள்ளற்க. சிலர்க்குச் செவிப்புலன் சிறிது எஞ்சியிருக்கும். சிலர் உட்செவியில் மின்கருவி பொருத்திக்கொள்வர். அதன் இருபது அளவினவாகிய மின்முனைகள், ஆயிரக்கணக்கான நுண்மயிர்க் கலங்களின் வேலையைச் செய்தல்வேண்டுமாதலின், தாளம் தெளிவாகவும் பண் மங்கலாகவும் தோன்றும். இசையை விரும்பாதாரும் அவருள் உளர். செவியுடையாருள்ளும் அத்தகையார் உளரன்றோ? விரும்புதலும் விடுத்தலும் அவரவர் உரிமை. விரும்புவாரைத் தடுத்தலே பிழை.

ஆதலின் மாணவ அன்பர்களே, நம் விழா அரங்குகளில் இசை நிகழுங்கால் செவிப்புலன் அற்றார் வருவராயின், அவரைக் கடைவரிசையில் இருத்தி இரங்குதல் வேண்டா. முழவின் அருகே, பலகைத் தளத்தின்மீது, பாடுவார் முகம் தோன்றும் இடத்தில் அவர்க்கு இருக்கை அமைப்போமாக. விரும்பின் வீணைக்குடத்தின்மேல் அவர் கை வைக்க இடங்கொடுப்போமாக. ‘உமக்கு இசை ஏது?’ என வினவுதலை விடுத்து, ‘இசையை எவ்வாறு நுகர்கின்றீர்?’ என வினவுவோமாயின், செவியுடைய யாமும் இசையைப் பற்றிப் புதிதாகக் கற்பன பல உளவாகும்.