அப்பாவின் பித்தவெடிப்பு

ஐப்பசி மழையில் தொளி கலக்கி நடவு முடிந்த மறுவாரம் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. கொட்டாம்பட்டிப் பக்கம் அந்த மாதத்தில் காய்ச்சல் காணாத வீடு ஏது? டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. மாத்திரைக்கு இறங்கும், ராத்திரி ஏறும். எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் காசநோயாக இருக்கும் என்றார்கள் ஓரிடத்தில். பன்னிரண்டு நாள் போயிற்று. மதுரைக்குக் கொண்டுபோனபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது.

அங்கேதான் ஒரு மருத்துவர், "அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வயல்வேலை, சர்க்கரை, குதிகாலில் பித்தவெடிப்பு என்றேன். உடனே ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினார். ஆய்வகத்துக்கும் தன் சந்தேகத்தைச் சொல்லி வைத்தார். சொல்லாவிட்டால் இந்தக் கிருமியை வேறொன்றாக நினைத்துவிட வாய்ப்பு உண்டாம்.

மூன்றாம் நாள் பெயர் தெரிந்தது: மெலியாய்டோசிஸ். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியா, வெடிப்பு வழியாக ரத்தத்தில் கலந்திருக்கிறது. ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் 1912-லேயே எழுதிவைத்த நோய். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் பல வருடமாக எழுதி வருகிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் ஒருவரும் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்: சர்க்கரை உள்ளவர் சேற்றில் இறங்கிய பிறகு காய்ச்சல் ஒரு வாரம் விடாவிட்டால், செய்த வேலையை நீங்களே சொல்லுங்கள். ரத்தக் கல்ச்சர் எடுக்கலாமா என்று கேளுங்கள்.

இரண்டு வாரம் செப்டாசிடைம் ஊசி. கஷ்டம் அதற்கப்புறம்தான். கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதம். இரண்டாம் மாதமே சோறு நன்றாக இறங்கியதும், "இனி எதுக்குடா?" என்றார் அப்பா. பாதியில் விட்டால் நோய் திரும்பும் என்று எச்சரித்திருந்தார்கள். அம்மா தினமும் கையில் வைத்து விழுங்க வைத்தார். இடையிடையே சிறுநீரகத்துக்கும் ரத்தப் பரிசோதனை பார்த்தோம். சொந்தக்காரர்கள் அவருக்குத் தட்டைத் தனியாக வைத்தார்கள், அது எனக்கு வலித்தது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவது மிக மிக அரிது.

முழங்கால் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் சரிப்பட்டது. ஆழத் தொளியில் கால் எடுக்க முடியவில்லை. ஆகவே காலையே பார்த்துக்கொள்கிறோம். தினம் ராத்திரி வெடிப்பில் வாசலின் தடவல், காயம் இருந்தால் வயலுக்கு விடுப்பு, கரையேறியதும் சோப்புக் குளியல். இப்போது வயலுக்குக் கிளம்பும் முன் அப்பா திண்ணையில் உட்கார்ந்து, "பாரு" என்று இரண்டு குதிகாலையும் என் பக்கம் நீட்டுகிறார்.