எஞ்சினின் பலமும் கடிகாரமும்: புதிதாக ஆடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

கூடுதல் நேரம் கொடுத்தால் செஸ் எஞ்சின் இன்னும் பலமாக ஆடும் என்றே பலரும் நினைக்கிறோம். முழுப் பலத்தில் அது உண்மை. பலத்தைக் குறைத்து வைத்தாலோ, கடிகாரத்தால் அதிகம் மாறுவது எதிரே உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.

படி 1: முழுப் பலத்தை ஒதுக்கி வையுங்கள்

ஸ்டாக்ஃபிஷ் என்னும் செஸ் எஞ்சின், எத்தனை நகர்த்தல் முன்னே பார்ப்பது என்ற ஆழத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித் தேடும். நேரம் கூடினால் ஆழமும் கூடும். ஆனால் நகர்த்தலுக்கு ஒரே விநாடி கிடைத்தாலும் உலகச் சாம்பியனையே தோற்கடித்துவிடும். நேரத்தைச் சுருக்கி அதைச் சமாளிக்கலாம் என்ற கணக்கு பலிக்காது.

படி 2: 'ஸ்கில் லெவல்' செய்வதைப் புரிந்துகொள்ளுங்கள்

பலத்தைக் குறைக்கும் இந்த அமைப்பு ஸ்டாக்ஃபிஷ்ஷில் 0 முதல் 20 வரை. 5இல் வைத்தால், தேடல் 6ஆம் ஆழத்தை எட்டும்போது குறைந்தது நான்கு நகர்த்தல்களைப் பரிசீலித்து, சற்றே குருட்டாம்போக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும். அதன் பிறகும் தேடல் ஓடலாம்; தேர்வு மாறாது. அரை மணி நேர ஆட்டத்தில் அது நெடுநேரம் யோசித்தால் மிரள வேண்டாம், பாதி வெறும் பாவனை!

ஆட்டப் பலத்தைக் குறிக்கும் எலோ எண்ணைக் கொடுத்தும் பலத்தைக் குறைக்கலாம். அண்மைப் பதிப்புகளில் 1320 முதல் 3190 வரை. உள்ளே அதுவும் ஸ்கில் லெவலாகவே மாறுகிறது. 2 நிமிடமும் நகர்த்தலுக்கு 1 விநாடியும் உள்ள ஆட்டங்களில், எஞ்சின்களின் தரவரிசையை ஒட்டி அளந்த எண் அது. உங்கள் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங்கோடு ஒப்பிடாதீர்கள்.

படி 3: லிசெஸ்ஸின் எட்டு நிலைகள்

லிசெஸ் இணையதளத்தில் ஸ்டாக்ஃபிஷ்ஷோடு ஆட எட்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில் நகர்த்தலுக்கு 50 மில்லிவிநாடி, ஆழம் 5. எட்டாம் நிலையில் 1 விநாடி, ஆழம் 22. இவை உச்சவரம்புகள். நீங்கள் அரை மணி நேர ஆட்டம் கேட்டாலும் அது இவற்றைத் தாண்டாது.

படி 4: உங்கள் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்று தொடங்குவது நல்லது. பலம் குறைத்த எஞ்சின் பத்து நகர்த்தல் கச்சிதமாக ஆடிவிட்டு, திடீரென்று குதிரையைச் சும்மா கொடுக்கும். மனிதர்கள் பெரும்பாலும் இப்படித் தவறுவதில்லை. அதனாலேயே எனக்கு இந்தப் பயிற்சி முழுத் திருப்தி தருவதில்லை. ஆனாலும் அந்தக் குதிரையைப் பார்க்க உங்களுக்கு நேரம் வேண்டும். 3 நிமிட பிளிட்ஸில் அது கண்ணில் படாமலே போகும், 'இந்த நிலை கடினம்' என்று தப்பாக முடிவு கட்டுவீர்கள்.

படி 5: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்

தோற்றுக்கொண்டே இருந்தால் நிலையை ஒன்று இறக்குங்கள், கடிகாரத்தைத் தொடாதீர்கள். சுலபமாக ஜெயித்தால் ஒன்று ஏற்றுங்கள். அந்த நிலை கைவந்த பிறகே நேரத்தைக் குறைத்துப் பாருங்கள்.