துள்ளும் பருவம்: இளம் லேப்ரடாரை நடத்திச் செல்லும் முறை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

முன்னுரை

நாய் நன்றியுள்ள விலங்கு என்று தொடக்கப் பள்ளியிலேயே நாம் எல்லோரும் கட்டுரை எழுதியிருக்கிறோம். அந்த நன்றியுள்ள விலங்கு, எட்டு மாதப் பருவத்தில், தன்னைப் பிடித்து நடப்பவரைத் தரதரவென்று இழுத்துச் சென்று கீழே தள்ளிவிடக்கூடும் என்று எவரும் எழுதியதில்லை. இன்று சிற்றூர்த் தெருக்களிலும் லேப்ரடார் இன நாய்களைக் காண்கிறோம். குட்டியாய் இருக்கையில் மடியில் வைத்துக் கொஞ்சுகின்றனர். வளர்ந்து துள்ளத் தொடங்கியதும், "இது அடங்காது" என்று பிறருக்குக் கொடுத்துவிடுகின்றனர். சிலர் தெருவில் விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு பற்றிய கட்டுரை அன்று; ஓர் உயிரின் வாழ்வு பற்றியது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தேர்வுக் கட்டணத்துக்கும் புத்தகச் செலவுக்கும் உதவும் என்று, ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவரின் வீட்டு லேப்ரடாரைக் காலையும் மாலையும் நடத்திச் செல்லும் பணியை மேற்கொண்டுள்ளேன். வகுப்பில் கற்றதையும் தெருவில் கண்டதையும் இணைத்து இங்கே தருகிறேன்.

இனத்தின் வரலாறு

பெயர் லேப்ரடார் என்றாலும், இதன் மூதாதையர் கனடாவின் கீழைக்கரையிலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவருக்குத் துணைநின்ற நீர்நாய்கள். அதாவது, நீரில் இறங்கி வேலை செய்யும் நாய்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து சென்ற இவை, சுடப்பட்டு விழுந்த பறவைகளைக் கவ்விக் கொண்டுவரப் பழக்கப்பட்டன. 1903-இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதனைத் தனி இனமாக ஏற்றது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஓடவும், நீந்தவும், எதையேனும் வாயில் கவ்வவும் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உடல் அது. நடக்கும்போது சங்கிலியையும், நம் வேட்டி நுனியையும் அது கவ்வுவது பெரும்பாலும் பகையால் அன்று, பரம்பரைத் தொழிலால்.

பருவத்தின் இயல்பு

ஏறத்தாழ ஆறு மாதத்தில் தொடங்கி ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டு வரை நாய்க்கு இளம்பருவம். உடல் முதலில் வளர்ந்துவிடும். அடக்கம் பின்னால் வரும். வளர்ந்த ஆண் லேப்ரடார் 29 முதல் 36 கிலோ வரை எடையுள்ளது. அந்த எடையை நெருங்கும் உடலில் குட்டியின் மனம் குடியிருக்கிறது என்பதே சிக்கல்.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷர் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று குறிப்பிடத்தக்கது. ஐந்து மாதத்தில் 'உட்கார்' என்றதும் உட்கார்ந்த நாய்கள், எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொல்லுக்கு அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. ஆனால் அந்நியர் சொல்லுக்கு அத்தகைய பின்னடைவு இல்லை! ஓராண்டு நிறைவை எட்டும்போது பணிவு திரும்பிவிட்டது. மனித வீடுகளிலும் இக்காட்சியைக் காண்கிறோம் அன்றோ? எனவே எட்டாம் மாதத்தில் தோன்றும் முரட்டுத்தனம் நாயின் நிலையான குணம் ஆகாது.

ஏன் இழுக்கிறது?

அமெரிக்க உளவியலறிஞர் தார்ண்டைக், பூனைகளைக் கூண்டில் அடைத்துச் செய்த சோதனைகளிலிருந்து 'விளைவு விதி'யை வகுத்தார். இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும். தராத செயல் தேயும் என்பது அதன் சாரம். நம் நாய் இழுக்கிறது. நாம் பின்னால் ஓடுகிறோம். அது விரும்பிய மரத்தடி கிடைக்கிறது. இழுத்ததற்குக் கூலி கொடுத்தவர் யார்? சங்கிலியின் மறுமுனையில் இருப்பவரே.

எழுத்தறியாத என் தந்தையாரும் இதையே வேறு விதமாகச் சொன்னார். அவர் இளங்காளைகளை ஏருக்குப் பழக்கியவர். "அது ஒன்னும் வேணும்னு இழுக்கலடா. முன்னால இருக்கிறது அதுக்குத் தெரியுது. பின்னால நீ இருக்கிறது தெரியல. நீ இருக்கேன்னு தெரியவை" என்றார்.

ஒரு வீட்டின் நெருக்கடி

நான் நடத்திச் செல்லும் நாய்க்கு ஒன்பது மாதம் ஆனபோது, ஒரு நாள் மாலை அந்த வீட்டு அம்மையார் அதைப் பிடித்துச் சென்றார். ஆட்டைக் கண்டு அது பாய்ந்ததில் அவர் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. "தம்பி, நாயா, அம்மாவா என்று வந்தால் நான் என்ன செய்வது? மாத முடிவில் யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன்" என்றார் ஐயா. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "இரண்டு மாதம் பொறுங்கள் ஐயா" என்று வேண்டிக்கொண்டேன். நூலகத்தில் படித்தும், எங்கள் துறைப் பேராசிரியரைக் கேட்டும் பின்வரும் முறைகளைக் கையாண்டேன்.

வழிமுறைகள்

1. நேரம்: நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை, மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணிக்கிறது. எனவே வெயில் ஏறுமுன் நடத்த வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க இயலாவிடில் அதன் பாதமும் அங்கே சுடும்.

2. பட்டை: கழுத்தை இறுக்கும் சங்கிலி மூச்சுக்குழலுக்குக் கேடு. மார்பின் முன்புறம் வளையம் உள்ள பட்டை நல்லது. இழுத்தால் உடல் பக்கவாட்டில் திரும்பிவிடும். ஆறடி வார் போதும். அதைக் கையில் சுற்றிக்கொள்ளல் ஆகாது.

3. நிற்றல்: வார் இறுகிய கணமே நின்றுவிட வேண்டும். அதட்டவோ, பதிலுக்கு இழுக்கவோ கூடாது. அது திரும்பிப் பார்த்து வார் தளர்ந்ததும் நடக்கலாம். நம் தொடையருகே வந்தால், அங்கேயே ஒரு சிறு தின்பண்டம்.

4. உணவு: 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாரிடம் பசியடக்கத்தோடு தொடர்புடைய பி.ஓ.எம்.சி. மரபணுவில் ஒரு சிறு பகுதி இல்லாதிருப்பதைக் கண்டனர். இந்த இனத்தின் உணவாசை பழக்குவோர்க்கு வரம். ஆனால் உடல் பருக்கும். அவித்த கோழித்துண்டைச் சுண்டுவிரல் நகமளவு நறுக்கி, அன்றைய உணவில் அந்த அளவைக் குறைத்துவிட வேண்டும்.

5. தூரம்: ஆடு, தெருநாய், மிதிவண்டி ஆகியவற்றைக் கண்டால் எதிர்ப்புறம் விலகிச் செல்ல வேண்டும். எவ்வளவு தூரம்? கையிலுள்ள உணவை அது வாங்கித் தின்னும் தூரம். தின்ன மறுத்தால் இன்னும் விலக வேண்டும். கலங்கிய மனம் பாடம் கேட்காது.

6. கவ்வலும் பாய்தலும்: நம்மீது பாய்ந்து வாரைக் கடித்தால், கத்துவது அதற்கு விளையாட்டாகவே படும். அசையாது நின்று, தரையில் நாலைந்து துண்டுகளைத் தூவினால் மூக்கு கீழே இறங்கும், மனமும் இறங்கும். கவ்விக்கொண்டு நடக்க ஒரு பழந்துணிச் சுருளும் கொடுக்கலாம்.

7. மோப்பம்: நன்றாக நடந்ததற்கு மரத்தடியை மோந்து பார்க்க விடுவதே பெரும் பரிசு.

இவற்றில் ஒன்றை வலியுறுத்த வேண்டும். ஒன்பது முறை நின்று, பத்தாம் முறை அவசரத்தில் இழுபட்டுச் சென்றால், இழுக்கும் பழக்கம் முன்னிலும் உறுதிப்படும். எப்போதாவது கிடைக்கும் பரிசே பழக்கத்தை நெடுநாள் வாழவைக்கும் என்பது ஸ்கின்னர் சோதனைகளின் முடிவு. எனவே வீட்டார் அனைவரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். அடித்தல் அறவே கூடாது. அச்சம் நாயைக் கடிக்கத் தூண்டும்.

கண்ட பயன்

முதல் வாரத்தில் வாயிலிலிருந்து தெருமுனை செல்லவே இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. தேநீர்க் கடையில் இருந்தோர், "நீ நாயை நடத்துறியா, நிறுத்துறியா?" என்று சிரித்தனர். தொடக்கத்தில் இழுப்பு கூடத்தான் செய்தது. பழைய கூலி நின்றுபோனால் எந்தத் தொழிலாளியும் ஒருமுறை உரக்கக் கேட்பான் அல்லவா? மூன்றாம் வாரத்தில் அது தானாகவே திரும்பி என் முகத்தைப் பார்த்தது. ஏழாம் வாரத்தில், கைக்கட்டு அவிழ்த்த அம்மையார், நான் அருகில் வர, தெருமுனை வரை தாமே பிடித்து நடந்தார். ஆட்டைக் கண்டால் இன்றும் அதன் காது நிமிர்கிறது. மழை நாளில் இன்றும் துள்ளுகிறது. எனினும் ஐயா அதைக் கொடுத்துவிடும் பேச்சை விட்டுவிட்டார்.

முடிவுரை

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது பழமொழி. எட்டு மாதத்தில் வளையாத நாய் ஒன்றரை வயதில் வளையும் என்பது நான் கண்ட உண்மை. ஆனால் நாய்க்கு முன் நாம் வளைய வேண்டும். நிற்கப் பழக வேண்டும். குட்டி வாங்க எண்ணும் நண்பர்கள், அதன் அழகான இரண்டு மாதத்தை மட்டும் பாராமல், பின்வரும் துள்ளலான இரண்டு ஆண்டுகளையும் எண்ணிப் பார்த்து முடிவு செய்வார்களாக. அந்த ஆண்டுகளைப் பொறுமையுடன் கடத்துவோர்க்கு, அதன்பின் அமைதியான நல்ல துணை ஒன்று பல ஆண்டுகள் உடன் நடந்து வரும்.