பெயர் ஓர் ஊர், பிறப்பு வேறூர்

அன்றாடம் எமது தட்டுக்கு வரும் உணவுகளின் பூர்வீகத்தைக் கேட்டால் எவரும் அதிகம் யோசிப்பதில்லை. மக்ரோனி சீனாவில் பிறந்து இத்தாலிக்குப் போனது, புரியாணி அரபு நாட்டுச் சாப்பாடு, கோப்பி வெள்ளைக்காரன் தந்தது, கொச்சிக்காய் எங்கள் ஊர்ச் சொத்து என்று பதில்கள் உடனே வந்துவிடும். உயர்தரத்தில் வரலாற்றை ஒரு பாடமாகக் கற்கும் எனக்கு, இந்தப் பதில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும் என்ற ஆவல் ஏற்பட்டது. நூலகத்தில் தேடியபோது மேலே சொன்ன நான்குமே பிழை என்பது தெரியவந்தது.

“எங்கிருந்து வந்தால் என்ன, வயிறு நிறைந்தால் போதாதா?” என்று நீங்கள் கேட்கலாம். உணவோடு மட்டும் இது நின்றுவிட்டால் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் “இது உங்களுடையது அல்ல, வெளியில் இருந்து வந்தது” என்ற பேச்சு சாப்பாட்டில் தொடங்கி மனிதர்களிடம் போய் முடிகிறது. “உங்கட புரியாணி அரபு நாட்டுச் சாப்பாடுதானே, நீங்களும் அங்கிருந்து வந்தவர்கள்தானே?” என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. மறுபக்கத்தில், “இந்த உணவு இஸ்லாத்தை அவமதிக்கச் செய்யப்பட்டது, யாரும் சாப்பிட வேண்டாம்” என்று எமது குடும்ப வட்ஸ்அப் குழுக்களிலும் செய்திகள் வந்து விழுகின்றன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: சரிபார்க்கப்படாத பூர்வீகக் கதை. எனவே அத்தகைய கதையொன்றைக் கேட்டால் அதைச் சோதிக்க உதவும் மூன்று கேள்விகளை உதாரணங்களோடு இங்கே தருகிறேன்.

முதலாவது கேள்வி: பெயரை மட்டும் நம்புகிறோமா?

ஒரு பொருளுக்கு ஊர்ப் பெயர் இருந்தால் அது அந்த ஊரில் பிறந்தது என்று நினைப்பது இயல்பு. இதைச் சோதிக்க வான்கோழி மிகவும் பொருத்தமான பறவை. ஆங்கிலேயர் அதனை ‘டர்க்கி’ என்கின்றனர். அதாவது துருக்கிக் கோழி. துருக்கியரோ அதனை ‘ஹிந்தி’ என்கின்றனர். அதாவது இந்தியக் கோழி. பிரெஞ்சுக்காரர் வழங்கும் பெயருக்கும் இந்தியாவில் இருந்து வந்தது என்பதே பொருள். போர்த்துக்கேயர் ‘பெரு’ என்கின்றனர். அரபு மொழியில் அது ‘தீக் ரூமி’, ரோமச் சேவல். மலாய் மொழியில் ‘ஆயம் பெலண்டா’, ஒல்லாந்துக் கோழி. அந்த ஒல்லாந்தரோ கள்ளிக்கோட்டையின் பெயரை வைத்து அதனைக் ‘கல்கூன்’ என்று அழைத்தனர். சிங்களத்தில் வழங்கும் ‘களுகுமா’ என்ற சொல்லும் அந்த ஒல்லாந்தச் சொல்லில் இருந்தே வந்தது. இத்தனை நாடுகளின் பெயர்களைச் சுமக்கும் இப்பறவை முதன்முதலில் வளர்க்கப்பட்ட இடம் மெக்சிக்கோ. இந்தப் பெயர்கள் எவற்றிலும் மெக்சிக்கோ இல்லை. யார் கையால் பொருள் வந்து சேர்ந்ததோ, எது தொலைவான நாடு என்று தோன்றியதோ, அதன் பெயரையே மக்கள் வைத்திருக்கிறார்கள்.

எமது வீட்டுச் சொல் ஒன்றையும் பார்ப்போம். மிளகாயை நாம் கொச்சிக்காய் என்கிறோம். கேரளத்தின் கொச்சித் துறைமுகத்தின் பெயரே இதில் ஒட்டிக்கொண்டது என்பது பொதுவான விளக்கம். ஆனால் மிளகாயின் பிறப்பிடம் கொச்சியும் அல்ல, இலங்கையும் அல்ல, அமெரிக்கக் கண்டம். படித்தவர்களும் பெயர் வைப்பதில் தவறியிருக்கிறார்கள். 1776இல் ஜக்குவின் என்ற தாவரவியலாளர் ஒரு மிளகாய் இனத்துக்குச் சீனாவின் பெயரைச் சூட்டினார். அந்த இனமும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியதே. தவறான அந்த விஞ்ஞானப் பெயர் இன்றுவரை மாறவில்லை.

தேநீரில் போடும் சீனியின் பெயரிலும் சீன நாடு இருக்கிறது. கரும்பு முதலில் பயிரிடப்பட்டது நியூகினியாவில். கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாகவும் மணியாகவும் ஆக்கும் கலை வளர்ந்தது இந்தியாவில். 647இல் சீனாவின் தாங் வம்சப் பேரரசர் தைசொங், சீனி செய்யும் முறையைக் கற்றுவரும்படி மகதத்துக்கு ஆள் அனுப்பினார் எனச் சீன வரலாற்று நூலே குறித்துவைத்துள்ளது. சீனர் இந்தியாவிடம் கற்ற ஒன்றை, இந்தியாவும் இலங்கையும் சீனாவின் பெயரால் அழைக்கின்றன!

இரண்டாவது கேள்வி: காலம் பொருந்துகிறதா?

ஓர் உணவு “ஆதிகாலம் தொட்டு” ஒரு நாட்டில் இருந்தது என்று எவராவது சொன்னால், அதில் சேரும் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது எப்போது அந்த நாட்டுக்கு வந்தது என்று கேட்க வேண்டும். 1492இல் கொலம்பஸ் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் வரை ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பா ஆகிய மூன்று கண்டங்களிலும் மிளகாய் இருக்கவில்லை. தக்காளியும் உருளைக்கிழங்கும் இருக்கவில்லை. மரவள்ளி, அன்னாசி, பப்பாசி, கொய்யா, சோளம், நிலக்கடலை என்று எதுவும் இருக்கவில்லை. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல். அப்படியானால் அதற்கு முன்னர் எமது மூதாதையர் உண்ட கறியில் கொச்சிக்காய் கிடையாது. காரத்துக்கு மிளகும் இஞ்சியும் போன்றவையே இருந்தன. ‘மிளகாய்’ என்ற சொல்லே அதற்குச் சாட்சி. மிளகைப் போல உறைக்கும் காய் என்பதால்தான் புதிதாக வந்ததற்கு அந்தப் பெயர் கிடைத்தது.

இதே கணக்கை இத்தாலிக்கும் போட்டுப் பார்க்கலாம். தக்காளிச் சாறு இல்லாத இத்தாலியச் சமையலை இன்று நினைக்கவே முடியாது. ஆனால் பதினாறாம் நூற்றாண்டுக்கு முன் இத்தாலியர் எவரும் தக்காளியைக் கண்ணால் கண்டதில்லை. ‘பாரம்பரியம்’ என்று நாம் சொல்வது பல நேரங்களில் நாம் நினைப்பதைவிட வயதில் இளையது.

மூன்றாவது கேள்வி: சான்றா, சுவையான கதையா?

மார்க்கோ போலோ சீனாவில் இருந்து நூடில்ஸைக் கொண்டுவந்தார், அதிலிருந்தே இத்தாலியின் மக்ரோனியும் ஏனைய பாஸ்டா வகைகளும் பிறந்தன என்ற கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அவர் வெனிஸ் நகருக்குத் திரும்பியது 1295இல். அதற்கு 16 வருடங்களுக்கு முன்னர், 1279இல், ஜெனோவாவில் ஒருவரின் உடைமைகளைப் பட்டியலிட்ட ஆவணத்தில் ஒரு பெட்டி நிறைய மக்ரோனி இருந்ததாக எழுதப்பட்டுள்ளது. இன்னும் பின்னோக்கிப் போனால் 1154இல் புவியியல் அறிஞர் அல்-இத்ரீஸி, சிசிலி மன்னர் இரண்டாம் ரொஜரின் அவையில் இருந்து எழுதிய நூலில், அத்தீவின் த்ராபியா என்ற ஊரில் ‘இத்ரிய்யா’ என்ற மாவுப் பண்டம் பெருமளவில் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலில் ஏற்றப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். அப்படியானால் மார்க்கோ போலோ கதை எப்படிப் பரவியது? 1929இல் அமெரிக்க மக்ரோனி உற்பத்தியாளர்களின் சஞ்சிகையொன்றில் வெளிவந்த ஒரு கற்பனைக் கதைக்கு அதில் பெரும் பங்குண்டு.

அடுத்தது, பிறை வடிவில் இருக்கும் குரோசன்ட் பணிஸ். 1683இல் உஸ்மானியப் படை வியன்னா நகரை முற்றுகையிட்டுத் தோற்றபோது, முஸ்லிம்களின் பிறையைக் கடித்துத் தின்று வெற்றியைக் கொண்டாடவே வியன்னாவின் பேக்கரிக்காரர்கள் இதைச் செய்தார்கள் என்பது கதை. இதை நம்பிக் குரோசன்ட் சாப்பிடக் கூடாது என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிறை வடிவான ‘கிப்ஃபெல்’ என்ற பணிஸ் அந்த முற்றுகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒஸ்திரியாவில் இருந்தது. 1830களின் இறுதியில் ஓகஸ்ட் ஸங் என்ற ஒஸ்திரியர் பாரிஸில் ஒரு வியன்னாப் பேக்கரியைத் திறந்த பின்னரே பிரான்ஸில் அது பிரபலமானது. இன்று நாம் உண்ணும் அடுக்கடுக்கான குரோசன்ட் அதற்கும் பிந்தியது. முற்றுகைக் கதைக்கு அக்காலச் சான்று கிடையாது.

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எனது வேலையல்ல. அதனை உலமாக்களிடமே கேட்போம். ஒரு மாணவியாக நான் சொல்லக்கூடியது, ஒரு பண்டத்தின் பொதியில் படிக்க வேண்டியது அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதையே. கொழுப்பு எது, ஜெலட்டின் எது என்று பார்க்காமல், யாரோ எழுதிய முற்றுகைக் கதையை ஆதாரமாக எடுப்பது எமக்கு அழகல்ல. கேட்டதையெல்லாம் ஆராயாமல் பரப்புவதை எமது மார்க்கமும் கண்டிக்கிறது அல்லவா?

எமக்குப் பிடித்த கதைகளையும் சோதிப்போம்

பிறர் சொல்லும் கதைகளை மட்டும் சோதித்துவிட்டு, எமக்குப் பெருமை தரும் கதைகளை அப்படியே விட்டுவிடுவது நீதியாகாது. அல்-இத்ரீஸியின் குறிப்பைக் காட்டி “பாஸ்டாவை முஸ்லிம்களே கண்டுபிடித்தார்கள்” என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பு சொல்வது, அக்காலச் சிசிலியில் அது செய்யப்பட்டு விற்கப்பட்டது என்பதை மட்டுமே. மாவைப் பிசைந்து இழையாக்குவதைச் சீனர் அதற்கு மிக முந்திய காலத்திலேயே செய்திருக்கின்றனர். ஒரே யோசனை இரண்டு இடங்களில் தனித்தனியே பிறக்கவும் கூடும்.

கோப்பியும் அப்படியே. அது ஐரோப்பியர் தந்தது அல்ல. லண்டனில் முதல் கோப்பிக்கடை திறக்கப்பட்டதே 1652இல்தான். கோப்பியைப் பானமாக அருந்தியவர்கள் பற்றிய தெளிவான குறிப்புகள் பதினைந்தாம் நூற்றாண்டு யெமனின் சூபிகளிடமே நம்மைக் கொண்டு செல்கின்றன. இரவு வணக்கத்தில் விழித்திருக்க அவர்கள் அதைக் குடித்தார்கள். ‘கஹ்வா’ என்ற அரபுச் சொல்லே பல மொழிகளைக் கடந்து எமது கோப்பியானது. இவ்வளவும் உண்மை. ஆனால் அந்தச் செடி அரேபியாவுக்கு உரியது அல்ல. 1753இல் லின்னேயஸ் அதற்கு ‘அரபிக்கா’ என்று பெயர் சூட்டினாலும் அதன் தாயகம் எத்தியோப்பியா. ஆடு மேய்த்த ஒருவர் கோப்பியைக் கண்டுபிடித்தார் என்ற கதையும் 1671இல் ரோமாபுரியில் அச்சான ஒரு நூலுக்கு முன்னர் எழுத்தில் காணப்படவில்லை. இன்னொரு செய்தி: 1511இல் மக்காவில் அதிகாரியாக இருந்த கைர் பேக் கோப்பியைத் தடை செய்தார். பின்னர் கெய்ரோவில் இருந்த சுல்தான் அந்தத் தடையைத் தளர்த்தினார். இன்று அரபுலக விருந்தோம்பலின் அடையாளமாக இருக்கும் பானம், ஒரு காலத்தில் மக்காவிலேயே சந்தேகத்துக்கு உரிய புதுமையாக இருந்திருக்கிறது.

உணவுக்கு வெளியேயும் ஓர் உதாரணம் தருகிறேன். 0 முதல் 9 வரையான இலக்கங்களை உலகம் ‘அரபு இலக்கங்கள்’ என்கிறது. அரபிகளோ தாம் எழுதும் இலக்கங்களை ‘இந்திய இலக்கங்கள்’ என்கின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி இந்த முறையைப் பற்றி எழுதிய நூலே அதனை இந்தியக் கணக்கு என்றுதான் அறிமுகம் செய்தது. 1202இல் இத்தாலியரான பிபொனாச்சியும் தமது நூலில் இவற்றை இந்தியரின் இலக்கங்கள் என்றே குறிப்பிட்டார். பிறரிடம் கற்றதைப் பிறரிடம் கற்றதாகவே சொன்னதால் அந்த அறிஞர்களின் புகழ் குறையவில்லை. எமக்கு அவர்களிடம் கற்க வேண்டிய முதற்பாடம் இந்த நேர்மைதான்.

பிறந்த இடமும் உரிமையும்

“எங்கிருந்து வந்தது?” என்பது ஒரு கேள்வி. “யாருடையது?” என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கும்போதே சண்டை தொடங்குகிறது.

தேயிலையை எடுத்துக்கொள்வோம். அது இலங்கைச் செடி அல்ல. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்ட பின்னரே இங்கு வர்த்தகப் பயிரானது. தென்னிந்தியாவில் இருந்து வந்த தொழிலாளர்களின் உழைப்பால் அது மலையெங்கும் பரவியது. இன்று ‘சிலோன் டீ’ எமது நாட்டுடையது அல்ல என்று எவராவது சொல்வார்களா? நூற்றைம்பது வருட வியர்வை அதை எம்முடையதாக்கிவிட்டது.

புரியாணியின் பெயர், வறுத்தல் என்ற பொருள் தரும் பாரசீகச் சொல்லோடு தொடர்புடையது. ஆனால் நாம் அறிந்த புரியாணி உருவானது அரபு நாட்டில் அல்ல; இந்தியத் துணைக்கண்டத்தின் சமையலறைகளில். நாம் சுற்றியிருந்து உண்ணும் சஹன் என்ற பெயர், தட்டைக் குறிக்கும் அரபுச் சொல். அதில் பரிமாறப்படும் சோறும் கறியும் இந்த மண்ணின் சமையல். பெருநாள் காலையில் நாம் உண்ணும் வட்டிலப்பத்துக்கு வட்டில், அப்பம் என்ற இரண்டு தமிழ்ச் சொற்களே பெயர். அதற்கு மிக நெருங்கிய உறவான சிரிகாயாவோ மலாய் மக்களின் பலகாரம். அதில் ஊற்றப்படுவது இந்த நாட்டுக் கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும். இப்போது வட்டிலப்பம் உள்நாட்டதா, வெளிநாட்டதா? இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. அது பலர் கைபட்டு இங்கே முழுமையடைந்தது. மனிதர்களும் அப்படித்தான். ஒருவரின் மூதாதையர் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்பதைக் கொண்டு, இந்த மண்ணில் அவருக்குள்ள உரிமையை அளக்க முடியாது.

தோழியரே, உங்களுக்கு ஒரு பயிற்சி. இன்றிரவு உங்கள் வீட்டுச் சமையலில் சேரும் பொருட்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பெயர் எந்த மொழிச் சொல், அது எந்தக் கண்டத்தில் பிறந்தது, இலங்கைக்கு எவ்வழியாக வந்தது என்று எழுதுங்கள். உங்கள் உம்மும்மாவிடம் அவர் சிறு வயதில் அந்தக் கறியை எப்படி ஆக்கினார்கள் என்றும் கேளுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைச் சேர்ந்து தேடுங்கள். அந்தப் பட்டியல் முடியும்போது, உலகின் எத்தனை திசைகளில் இருந்து உழைத்தவர்களின் கைகள் எமது ஒரு பிடி சோற்றில் சேர்ந்திருக்கின்றன என்பது உங்களுக்கே விளங்கும். அதன் பிறகு “அது உங்களுடையது, இது எங்களுடையது” என்று சண்டைக்கு வருபவருக்கு நிதானமாகவும் ஆதாரத்தோடும் பதில் சொல்ல உங்களால் முடியும்.