மருந்துக்கு அடங்கும் கிருமியும் அடங்காத கிருமியும்

பொன் வாங்கச் செல்வோர் அதன் நிறத்தை மட்டும் கண்டு விலை பேசுவதில்லை; உரைகல்லில் உரைத்து மாற்று அறிந்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கின்றனர். பொன் விஷயத்தில் இத்துணை எச்சரிக்கை காட்டும் நாம், உயிரைக் காக்கும் மருந்து விஷயத்தில் எவ்வளவு எச்சரிக்கை காட்டுகின்றோம்? நீர்க்கடுப்பும் காய்ச்சலும் கண்டவுடன் மருந்துக் கடைக்குச் சென்று, அண்டை வீட்டாருக்கு முன்னொரு முறை குணமளித்த மாத்திரையையே கேட்டு வாங்கி விழுங்குகின்றோம். கடுப்புத் தணிந்தால், எஞ்சிய மாத்திரைகளைப் பிறிதொரு காய்ச்சலுக்கு உதவுமென்று பெட்டியில் வைக்கின்றோம். மீண்டும் அந்நோய் வருங்கால் அதே மாத்திரை பயன்படாமற் போவது கண்டு வியக்கின்றோம். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை நோயாளியின் முகத்தைப் பார்த்து அறிய இயலாது. அக்கிருமியையே வினவி அறிதல் வேண்டும். அங்ஙனம் வினவும் முறையே ஆஸ்பத்திரிகளில் 'கல்ச்சர் சென்சிடிவிட்டி' என்று வழங்கும் பரிசோதனை. சிறுநீர்த் தொற்றை உதாரணமாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் கிருமிகளுள் தலைமையானது ஈ. கோலை என்பது. தியோடர் எஷரிக் என்னும் குழந்தை வைத்தியர் இதனை 1885-ம் வருஷத்தில் விவரித்து வெளியிட்டார். நம் குடலில் இது தீங்கின்றி வாழ்கின்றது. இடம் மாறிச் சிறுநீர்த் தாரையின் வழியே மேலேறி நீர்ப்பையை அடையும்போதே பகையாகின்றது. பெண்களுக்கு அத்தாரை குறுகியதாதலின், இந்நோய் அவர்களையே மிகுதியாக வருத்துகின்றது. கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், என்டரோகாக்கஸ் முதலியனவும் இந்நோய்க்குக் காரணமாவதுண்டு. இவை யாவும் ஒரே மருந்துக்கு அடங்குவன அல்ல. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு கிருமிகளுங்கூட ஒரு மருந்தின்முன் ஒத்து நடப்பதில்லை. ஆகவேதான் ஒவ்வொரு நோயாளியின் கிருமியையும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருக்கின்றது.

இச்சோதனை ஆய்வுச்சாலையில் தொடங்குகின்றது என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அது நோயாளியின் கையில் தொடங்குகின்றது. ஆன்டிபயாடிக் மருந்து உட்கொள்வதற்கு முன்னரே சிறுநீரைச் சேகரித்தல் நலம். முதலில் வரும் நீரை விட்டு, இடையில் வரும் நீரைக் கிருமி நீக்கிய பாத்திரத்தில் ஏந்துதல் வேண்டும். முதல் நீரில் தோலிலுள்ள கிருமிகள் கலந்திருக்கும். அதனை இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுச்சாலையில் சேர்க்க வேண்டும். இயலாதாயின் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும். இதன் காரணத்தைச் சிறு கணக்கால் அறியலாம். தக்க சூழ்நிலையில் ஈ. கோலை ஏறக்குறைய 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கின்றது. அவ்வேகத்தில் இரண்டு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும். மூன்று மணி நேரத்தில் 512 ஆகும். அறை வெப்பத்தில் வேகம் குறையுமெனினும், மேசைமேல் மறந்து வைத்த பாத்திரம் இல்லாத நோயை உள்ளதாகக் காட்டிவிடும்.

ஆய்வுச்சாலையில் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறுநீரை மட்டும் ஏந்தும் கம்பி வளையத்தால் அதனைத் தொட்டு, உணவுப் பொருள் நிறைந்த தட்டில் தேய்ப்பர். மறுநாள் ஒவ்வொரு கிருமியும் பெருகிக் கண்ணுக்குப் புலப்படும் புள்ளியாகி நிற்கும். நூறு புள்ளிகள் தோன்றின், ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் கிருமிகள் இருந்தன என்பது கணக்கு. எட்வர்டு காஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் 1956-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியால் இந்த ஒரு லட்சம் என்னும் எல்லை எங்கும் புகழ் பெற்றது. எனினும் எண்ணிக்கை ஒன்றையே கொண்டு முடிவு கூறலாகாது. கடுப்பும் எரிச்சலும் உடையவருக்கு அதனினும் குறைந்த எண்ணிக்கையே நோயைக் காட்டலாம். யாதொரு துன்பமும் இல்லாதவருக்கு லட்சத்துக்கு மேல் இருப்பினும் மருந்து வேண்டாதிருக்கலாம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் சில சத்திர சிகிச்சைகள் செய்துகொள்ள இருப்போரும் இதற்கு விலக்காவர்.

இனி, கிருமியை வினவும் முறையைக் காண்போம். 1928-ம் வருஷத்தில் அலெக்ஸாண்டர் பிளெமிங், தம் தட்டில் தற்செயலாய் விழுந்து வளர்ந்த பூசணத்தைச் சுற்றிக் கிருமிகள் கரைந்து அழிந்திருத்தலைக் கண்டார் என்பது யாவரும் அறிந்ததே. அவர் தற்செயலாய்க் கண்டதை நாம் வேண்டுமென்றே செய்கின்றோம். காகிதத்தாலான 6 மில்லிமீட்டர் வட்டில்களில் குறித்த அளவு மருந்தை ஏற்றிக் கிருமி பூசிய தட்டின்மேல் வைத்தால், மருந்து நாற்புறமும் ஊறிப் பரவும். கிருமி அடங்கும் தூரம் வரை தட்டுத் தெளிவாயிருக்கும். அதற்கப்பால் கிருமி படலமாய் வளரும். தெளிந்த அவ்வட்டத்தின் குறுக்களவே கிருமி அளிக்கும் விடையாகும்.

முறை எளிதே, ஆயினும் முற்காலத்தில் ஒவ்வோர் ஆய்வுச்சாலையும் தன் தன் மனம்போல் இதனைச் செய்தமையால், ஓரிடத்து விடை மற்றோரிடத்து விடையோடு ஒவ்வாதிருந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த பாயர், கெர்பி, ஷெரிஸ், டர்க் என்னும் நால்வர் 1966-ம் வருஷத்தில் ஒரே ஒழுங்குடைய முறையை வெளியிட்டனர். இன்றும் உலகெங்கும் கைக்கொள்ளப்படும் வட்டில் முறை இதனை அடிப்படையாகக் கொண்டதே. மியூலர், ஹின்டன் என்போர் 1941-ல் அமைத்த அகார் உணவே தட்டில் ஊற்றப்படுகின்றது. அதன் கனம் 4 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். கனம் மிகுந்தால் வட்டம் சுருங்கும், குறைந்தால் விரியும். கிருமிகளை உப்பு நீரில் கலக்கி, மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 15 கோடி இருக்குமாறு கலங்கலை அளவுக் குழாயோடு ஒப்பிட்டு அமைப்பர். கலங்கல் மிகுந்தால் கிருமி அடங்காதது போலவும், குறைந்தால் அடங்குவது போலவும் பொய்த் தோற்றம் தரும். பஞ்சுக் குச்சியால் மூன்று திசையிலும் தேய்த்துப் பூசி, வட்டில்களை இடைவெளிவிட்டு வைப்பர். ஒரு முறை தட்டைத் தொட்ட வட்டிலை நகர்த்தலாகாது. தொட்ட கணத்திலேயே மருந்து ஊறத் தொடங்கிவிடும். பின்பு 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் வைத்து எடுத்து அளப்பர்.

அளந்தபின் பயிலுவோர் பெரும்பாலும் ஒரு பிழை செய்வதுண்டு. பெரிய வட்டம் தந்த மருந்தே சிறந்த மருந்து என்று துணிந்துவிடுகின்றனர். இது தவறு. ஒவ்வொரு மருந்தும் அகாரில் ஊறும் வேகமும், வட்டிலில் உள்ள அளவும், உடம்பில் சேரும் அளவும் வேறு வேறாம். அமெரிக்கத் தர நிறுவனத்தின் அட்டவணைப்படி, ஈ. கோலைக்கு 300 மைக்ரோகிராம் நைட்ரோபியூரான்டாயின் வட்டில் 17 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வட்டம் தந்தால் அக்கிருமி அடங்கும் என்று கொள்வர். 5 மைக்ரோகிராம் சிப்ரோபிளாக்சசின் வட்டிலுக்கோ 26 மில்லிமீட்டர் வேண்டும். 21-ம் அதற்குக் கீழும் அடங்காமையைக் குறிக்கும். ஆகவே ஒரே தட்டில் இரண்டும் 20 மில்லிமீட்டர் வட்டம் தந்து நிற்கும்போது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அட்டவணைக்கோ ஒன்று நண்பன், மற்றொன்று பயனிலி. தெளிந்த வட்டத்துக்குள்ளே தனித்து நிற்கும் புள்ளிகளையும் புறக்கணித்தலாகாது. அவை அடங்காத வழித்தோன்றல்களாயிருக்கலாம், அன்றி வேறொரு கிருமியின் கலப்பாயிருக்கலாம். அவற்றை எடுத்து மறுபடியும் சோதித்தல் கடன்.

சோதிப்பவனை யார் சோதிப்பர் என்று ஒருவர் வினவலாம். அதற்கும் வழி உண்டு. 25922 என்னும் எண்ணால் உலகெங்கும் அறியப்படும் ஈ. கோலை ஒன்று ஆய்வுச்சாலைகளில் போற்றி வைக்கப்பட்டிருக்கின்றது. நைட்ரோபியூரான்டாயினுக்கு அது 20 முதல் 25 மில்லிமீட்டர் வட்டம் தருதல் வேண்டும். இவ்வெல்லையை அது மீறுமாயின், தவறு வட்டிலிலோ அகாரிலோ நம் கையிலோ இருக்கின்றது என்பது தெளிவு. காரணம் கண்டு திருத்தும் வரையில் அம்மருந்தைப் பற்றி எந்த நோயாளிக்கும் விடை எழுதி அனுப்பலாகாது.

தட்டுச் சொல்லாத செய்தி ஒன்றையும் மறத்தலாகாது. நைட்ரோபியூரான்டாயின் சிறுநீரில் மிகுதியாகச் சேருகின்றது. இரத்தத்திலும் சிறுநீரகத் தசையிலும் போதிய அளவு சேருவதில்லை. ஆகையால் நீர்ப்பையளவில் நின்ற தொற்றுக்கு அது சிறந்த மருந்தாயினும், குளிர் காய்ச்சலும் விலாவலியும் கண்டு சிறுநீரகத்தை எட்டிய தொற்றுக்குத் தட்டில் எவ்வளவு பெரிய வட்டம் தந்தாலும் அது தகாது. இதனாலேயே பரிசோதகரும் வைத்தியரும் ஒருவரையொருவர் கலந்து நடத்தல் அவசியமாகின்றது. விடை வருவதற்கு ஏறக்குறைய இரண்டு நாட்களாகும். நோய் பொறுக்காதாயின் வைத்தியர் தம் அனுபவத்தால் ஒரு மருந்தைத் தொடங்கி, விடை வந்தபின் அதனை மாற்றியமைப்பார்.

இத்துணைச் சிரமம் எதற்கு என்று கேட்போருக்கு ஒரு வரலாற்றைக் கூறுவோம். ஆக்ஸ்போர்டில் பெனிசிலினை நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தது 1941-ம் வருஷத் தொடக்கத்தில். அதற்கு முன்னரே, 1940-ம் வருஷ முடிவில், ஆபிரகாம், செயின் என்னும் இருவர், பெனிசிலினைச் சிதைக்கும் நொதி ஒன்று ஈ. கோலைக் கிருமியில் இருத்தலைக் கண்டு வெளியிட்டனர். வாள் உறையினின்று வெளிப்படுமுன்னரே கேடயம் ஆயத்தமாயிருந்தது. 1945-ல் நோபல் பரிசு ஏற்று உரையாற்றிய பிளெமிங், அளவு குறைந்த மருந்து கிருமிகளைப் பழக்கி வலுப்படுத்திவிடும் என்று உலகை எச்சரித்தார். மருந்தால் எளிய கிருமிகள் மடிய, வலியவை எஞ்சிப் பெருகுகின்றன. போதாக்குறைக்கு, எதிர்க்கும் வல்லமையை ஒரு கிருமி மற்றொரு கிருமிக்கு வழங்கவும் வல்லது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரிட்ட மரணங்கள் 2019-ம் வருஷத்தில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டிருக்கின்றனர். 2012-ல் இந்திய வைத்திய சங்கங்கள் சென்னையில் கூடி, இத்தீமையைத் தடுக்கும் வழிகளை வகுத்து 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014-ம் வருஷம் மார்ச் முதல், உயர்தர ஆன்டிபயாடிக்குகள் பலவற்றை விற்கும் கடைக்காரர் வைத்தியர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டுமென்ற விதியும் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் பதிவேட்டைக் காக்கலாம். மருந்தின் வலிமையைக் காப்பது நம் பழக்கமே. வைத்தியர் சொல்லாத மாத்திரையை வாங்காதிருத்தல், பெட்டியில் எஞ்சியதைப் பிறருக்கு வழங்காதிருத்தல், சிறுநீரைச் சொன்னபடி ஏந்திச் சொன்ன நேரத்தில் சேர்த்தல் ஆகியவை நம்மில் எவரும் செய்யக் கூடியவையே. விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்கோ இன்னும் ஒரு கடமை உண்டு. நாளை ஆய்வுச்சாலையில் அளவுகோலைப் பிடிக்கும் கை உங்களுடையதாகலாம். தட்டின்மேல் ஒரு மில்லிமீட்டர் என்பது அற்பமாகத் தோன்றும். ஆயினும் அந்த ஒரு மில்லிமீட்டரின் மறுபுறத்தில், முகமறியாத ஒரு தாயோ முதியவரோ நம் விடைக்காகக் காத்துக் கிடக்கின்றார் என்பதை மறவாதிருப்போமாக.